பென்சில் வரவு

பம்பு உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பண்டகசாலையில் பதினெட்டு ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதியவர் அவர். அங்கே அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. முதலாளி முதல் வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அவர் ‘ஸ்டோர் அக்கா’. சீட்டில்லாமல் ஒரு நட்டுகூட வெளியே போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். “அக்காகிட்ட குடிக்கத் தண்ணி கேட்டாலும் சீட்டு எங்கன்னு கேப்பாங்க” என்று தொழிலாளர்கள் கேலி பேசுவார்கள். கேலியைக் காதில் வாங்கிக்கொண்டே சீட்டையும் கையில் வாங்கிக்கொள்வார்.

அந்தப் பண்டகசாலையில் அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று இருந்தது. லாரியிலிருந்து இறங்கும் சரக்கை வரவுப் பேரேட்டில் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். பெட்டியைப் பிரித்து, எண்ணி, அளந்து பார்த்த பிறகே அதன்மேல் மை ஏறும். பென்சிலில் நிற்கும் சரக்கை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. ஒருமுறை முதலாளியே அவசரம் என்று வந்து நின்றபோது, “இன்னும் மை ஏறலைங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். மறுநாள் பெட்டியைப் பிரித்தால் பாதிக்குப் பாதி துருப்பிடித்த வளையங்கள். அதன்பின் முதலாளியும் சீட்டோடுதான் வந்தார்.

தொழிற்சாலை மூடப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. கணக்கு முடித்துக் கொடுத்த தொகை மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வைத்திருந்த வங்கிக் கணக்கில் அந்தத் தொகை அப்படியே கிடந்தது. அதை யாரும் தொடுவதில்லை என்பது வீட்டில் பேசாமலே எடுத்த முடிவு. ஏனென்றால் அது மேஸ்திரியின் முழங்கால்.

மேஸ்திரி என்பவர் அவருடைய கணவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் வீட்டுத் தரைகளில் மண்டியிட்டு டைல்ஸ் பதித்தவர். வலது முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுவதாக மருத்துவர் படத்தைக் காட்டிச் சொன்னார். மாற்று அறுவைக்குப் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, நாள் குறித்தாயிற்று. அன்று காலையில் பணம் கட்ட வேண்டும். அதன்பிறகு குறைந்தது நான்கு மாதம் அவர் வேலைக்குப் போக முடியாது. அந்த நான்கு மாதமும் அடுப்பு எதைக் கொண்டு எரியும் என்ற கேள்விதான் ஸ்டோர் அக்காவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஐந்து மாதத்தில் முப்பத்தொரு இடங்களுக்கு விண்ணப்பித்தார். தேதி, இடம், பதில் என்று கோடு கிழித்த நோட்டில் வரிசையாக எழுதி வைத்தார். பதில் வந்தவை நான்கு. நான்கும் வயதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டன. முப்பத்திரண்டாவது விண்ணப்பத்துக்கு மட்டும் நாற்பதே நிமிடத்தில் பதில் வந்தது. வீட்டிலிருந்தபடியே சரக்கு இருப்புக் கணக்கைப் பராமரிக்கும் வேலை. சம்பளம் பழைய சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு.

நேர்காணல் கைப்பேசியில், எழுத்திலேயே நடந்தது. முகமும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. மேலாளர் என்று சொல்லிக்கொண்டவர் பதினொரு கேள்விகள் கேட்டார். இருப்பில் வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு ஸ்டோர் அக்கா இரண்டு பக்க அளவுக்குப் பதில் எழுதினார். அதற்கு மறுமொழியாக வந்தது ஒரே வரி: ‘உங்களைப் போன்ற ஒருவரைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்.’ அதை அவர் மூன்று முறை படித்தார். பதினெட்டு ஆண்டுகளில் அப்படி ஒரு வரியை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அடுத்த வீட்டில் குடியிருந்த மேஸ்திரியின் அக்காவுக்கு மட்டும் இந்தச் செய்தி தொண்டையில் இறங்கவில்லை.

“வீட்ல உக்காந்திருக்கறதுக்குச் சம்பளமா? அப்படின்னா எங்க வீட்டுப் பூனைக்கும் ஒரு மனு போட்டு வை” என்றாள்.

“பூனைக்குக் கணக்கு வராதே அண்ணி” என்றார் ஸ்டோர் அக்கா.

“உன்னை எடுத்தவனுக்கு மட்டும் வருமாக்கும். ஆளையே பாக்காம வேலை குடுக்கறவன் காசையே காட்டாம சம்பளமும் குடுப்பான்.”

சிரித்து மழுப்பினாலும் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஐயங்கள் அவருக்கும் எழாமல் இல்லை. நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இல்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கிக்கொள்ளும் முகவரிதான் இருந்தது. வேலை தொடங்கும் முன்பே அடையாள அட்டையின் நகலைக் கேட்டு வாங்கினார்கள். இரண்டையும் நோட்டில் குறித்து, பக்கத்திலேயே சமாதானமும் எழுதினார்: புதிய நிறுவனமாக இருக்கலாம், பதிவுக்குத் தேவைப்படலாம். ஐயம் எழுந்த இடத்தில் எல்லாம் தேவை வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

பதினொன்றாம் தேதி, புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கூரியரில் ஒரு காசோலை வந்தது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம். நாற்பதாயிரம் அவருக்கு முன்பணமாம். மீதி மூன்று லட்சத்தைக் கணினி, ஸ்கேனர், அச்சுப்பொறி தரும் வியாபாரியின் கணக்குக்கு அவரே அனுப்பிவிட வேண்டுமாம். அனுப்பினால் கருவிகள் வீட்டுக்கே வந்துவிடுமாம். காசோலையில் அச்சிட்டிருந்த பெயர் வேலை தந்த நிறுவனத்தின் பெயர் அல்ல. கூரைத் தகடு விற்கும் வேறொரு நிறுவனத்தின் பெயர். கேட்டபோது, அது எங்கள் கூட்டு நிறுவனம் என்று பதில் வந்தது. வழக்கப்படி ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அன்றே காசோலையை வங்கியில் போட்டார்.

வியாழக்கிழமை காலை கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறந்தால், இருப்பு ஆறு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் என்று காட்டியது. நம்பாமல் வங்கிக்கே போனார். இந்தப் பணத்தை எடுக்கலாமா என்று சாளரத்தில் இருந்த ஊழியரிடம் கேட்டார். திரையைப் பார்த்து, “எடுக்கலாம்மா, இருப்பு இருக்கே” என்றார் ஊழியர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். கேள்விதான் தவறு. அது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு மேலாளரின் செய்தி வந்தது. மாலை மூன்று மணிக்குள் தொகை வியாபாரிக்குப் போய்ச் சேராவிட்டால் நியமனம் ரத்து, நிறுவனப் பணத்தை வைத்துக்கொண்டதாகச் சட்ட நடவடிக்கை. இது நிறுவன ரகசியம், வங்கி ஊழியர்களிடம் பேச வேண்டாம் என்று கீழே ஒரு வரி.

ஸ்டோர் அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அனுப்பும் முன் நோட்டில் பதிந்துவிடுவோம் என்று, ‘காசோலை வரவு’ என எழுதத் தொடங்கினார். எழுதிய பிறகுதான் கையைப் பார்த்தார். மேசையில் பேனாவும் இருந்தது, பென்சிலும் இருந்தது. கை தானாகப் பென்சிலை எடுத்திருந்தது.

பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது, சரி. பிரித்து எண்ணிப் பார்த்தது யார்? கைப்பேசியில் எழுத்துக் கறுப்பாக, அச்சாகத் தெரிந்ததால் அது மை என்று எடுத்துக்கொண்டாரே தவிர, அந்தக் காசோலைக்குரிய வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டதா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கொடுக்காவிட்டால்? இன்று அவர் அனுப்பப் போகும் மூன்று லட்சம் வேறு எங்கிருந்தும் போகாது. முழங்காலிலிருந்துதான் போகும்.

பண்டகசாலையில் இன்னொரு பாடமும் உண்டு. லாரி ஓட்டுநர் கொண்டுவரும் பில்லில் சந்தேகம் இருந்தால் அந்தப் பில்லில் அச்சிட்ட எண்ணுக்குப் பேசக் கூடாது. நம் பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்குத்தான் பேச வேண்டும். கூரைத் தகடு நிறுவனத்தின் எண்ணைத் தொலைபேசி விசாரணையில் தனியாகக் கேட்டு வாங்கினார். பதினொன்று ஐம்பதுக்கு அழைத்தார். கணக்கு அதிகாரி வெளியே போயிருக்கிறார், வந்ததும் அவரே கூப்பிடுவார் என்றது ஒரு பெண் குரல்.

பணத்தை இப்போது அனுப்பவில்லை, ஒரு தகவலுக்காகக் காத்திருக்கிறேன் என்று கணவரிடம் சொன்னார். மேஸ்திரி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலின் பொருளை அப்போதே கவனித்திருக்கலாம். பிறகு ஸ்டோர் அக்கா, வேலை தந்தவர்கள் அனுப்பிய கடிதங்களை எல்லாம் நகலெடுக்கக் கடைக்குப் போனார். அங்கே இயந்திரம் தாளை விழுங்கிக்கொண்டு நிற்க, திரும்ப இரண்டு மணியாயிற்று. வீடு பூட்டியிருந்தது.

“உன் ஆபீஸ்லேர்ந்து அவனுக்கு போன் வந்துச்சு” என்றாள் அண்ணி, சன்னல் வழியாக. “பாஸ்புக்கைத் தூக்கிட்டு நொண்டிக்கிட்டே கிளம்பிட்டான். ஏன், உனக்குத் தெரியாதா?”

அவசரத் தொடர்புக்கு என்று விண்ணப்பத்தில் கணவரின் எண்ணை எழுதிக் கொடுத்தது அவரேதான். வங்கிக்கு நடந்தால் இருபது நிமிடம். அன்று பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்.

மேஸ்திரி சுவரோரம் இரும்பு நாற்காலியில், வலது காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். கையில் பணம் அனுப்பும் படிவம், நிரப்பியே இருந்தது. வரிசைச் சீட்டில் எண் அறுபத்து நான்கு. மேலே பலகையில் ஐம்பத்தொன்பது எரிந்துகொண்டிருந்தது.

மூச்சு வாங்க அவர் பக்கத்தில் உட்கார்ந்தார் ஸ்டோர் அக்கா. என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மேலாளர் மிகவும் மரியாதையாகப் பேசியதாக மேஸ்திரி சொன்னார். இப்படிப்பட்ட திறமைசாலியை இழக்க வருத்தமாக இருக்கிறது, மூன்று மணிக்குமேல் தன் கையில் ஒன்றுமில்லை என்றாராம்.

“எனக்காகத்தானே நீ பயப்படற?” என்றார் மேஸ்திரி, படிவத்தைப் பார்த்தபடி. “முட்டிக்குன்னு வச்ச பணம் போயிடுமோன்னு. இருபது வருஷம் தாங்கின முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்காதா? இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா நீ தாங்க மாட்ட. அஞ்சு மாசமா உன்னைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

பலகை அறுபது என்றது.

“அந்தப் பணம் இன்னும் வரலைங்க.”

“வந்திருச்சே. என் போன்லயும் காட்டுது.”

எப்படிச் சொல்வதென்று ஸ்டோர் அக்காவுக்குப் புரியவில்லை. பென்சில், மை என்று தொடங்கினால் அது அவருடைய தொழில். கணவருக்குப் பாதிதான் எட்டும். வங்கித் தரையைப் பார்த்தார். அதிலும் டைல்ஸ்தான்.

“நீங்க பதிச்ச தரையில அன்னிக்கே ஒருத்தன் நடந்தா விடுவீங்களா?”

“காலை உடைப்பேன்.”

“ஏன், பாக்கறதுக்குத் தரை மாதிரிதானே இருக்கும்?”

“பாக்கத்தான் இருக்கும். அடியில சிமென்ட் பிடிச்சிருக்காதே. கால் வச்சா எல்லாம் நகந்துடும்.” மேஸ்திரி கையிலிருந்த படிவத்தை மடித்தார், பிரித்தார். “பிடிக்க எத்தனை நாளாகும்?” என்று மெல்லக் கேட்டார்.

“தெரியலை. அதைத்தான் கேக்கணும்.”

அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு எரிந்ததும் மேஸ்திரி பழக்கத்தில் எழப் பார்த்தார். ஸ்டோர் அக்கா அவர் தோளில் கை வைத்தார். அதே நேரம் மேஸ்திரியின் கைப்பேசி அடித்தது. அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டார். மேலாளரின் குரலை ஸ்டோர் அக்கா கேட்பது அதுவே முதல்முறை. அனுப்பிவிட்டீர்களா சார் என்றது குரல்.

“இல்லீங்க சார்” என்றார் மேஸ்திரி. “சரக்கு ரெடியா இருக்கு. ஸ்டோர்லதான் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க.”

பிறகு அந்தக் குரலிலிருந்து ‘சார்’ கழன்று விழுந்தது. போலீஸ் வரும், வீட்டு விலாசம் எங்களிடம் இருக்கிறது, அடையாள அட்டையும் இருக்கிறது என்றது. ஸ்டோர் அக்கா உற்றுக் கேட்டது அதை அல்ல. அந்தக் குரலுக்குப் பின்னால், அதே அறையில், இன்னொரு குரல் யாரிடமோ மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது: உங்களைப் போன்ற திறமைசாலியை இழக்க எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது, மேடம்.

மேஸ்திரி இணைப்பைத் துண்டித்தார். பலகை அறுபத்தைந்துக்கு மாறியது. மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

அடுத்த இருபது நிமிடங்கள்தான் ஸ்டோர் அக்காவின் வாழ்க்கையிலேயே நீளமானவை. ஐயம் வலுத்திருந்ததே தவிர உறுதியாக எதுவும் தெரியாது. எல்லா அலுவலகத்திலும் ஒரே வாசகத்தைத்தானே திரும்பத் திரும்பச் சொல்வார்கள் என்றது மனத்தின் ஒரு பாதி. கைக்கு வந்த வேலையைத் தானே எட்டி உதைத்துவிட்டோமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மூன்று மணி கடந்தது. ஒன்றும் நிகழவில்லை. யாரோ ஒருவர் பணத்தை எண்ணி உறையில் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று பன்னிரண்டுக்குக் கூரைத் தகடு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. கணக்கு அதிகாரி வயதானவர் போலும், நிதானமாகப் பேசினார். காசோலை எண்ணைக் கேட்டார். ஸ்டோர் அக்கா நகலைப் பார்த்துப் படித்தார்.

“அந்த நம்பர் செக் போன வருஷமே பாஸாயிடுச்சும்மா. உங்ககிட்ட இருக்கறது எங்க செக் மாதிரி யாரோ அடிச்சது. இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆள்.”

“மத்த ரெண்டு பேரும்?”

“அவங்க பணத்தை அனுப்பிட்டு அப்புறம் போன் பண்ணாங்க.”

ஸ்டோர் அக்கா நன்றி சொன்னாரா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. வங்கியின் மேற்பார்வையாளர் அறைக்குள் போய், இம்முறை சரியான கேள்வியைக் கேட்டார்: வரவு காட்டுகிறது, ஆனால் அந்த வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டதா? இன்னும் இல்லை என்றார் மேற்பார்வையாளர் அம்மாள். வாடிக்கையாளரின் வசதிக்காக முன்கூட்டியே வரவு காட்டுவோம், காசோலை திரும்பினால் அந்தத் தொகையை உங்கள் கணக்கில்தான் கழிப்போம், நடுவில் நீங்கள் யாருக்கு அனுப்பியிருந்தாலும் அது உங்கள் பொறுப்பு என்று விளக்கினார். நேற்று இதை யாரும் சொல்லவில்லையே என்றார் ஸ்டோர் அக்கா. நேற்று இதை நீங்கள் கேட்கவில்லையே என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. ஆனால் முகம் சொன்னது. பிறகு அவரே அவர்களுடைய ஏடிஎம் அட்டையை முடக்கி, கடவுச்சொற்களை மாற்றவைத்து, அடையாள அட்டை நகல் வெளியே போயிருப்பதால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து வைப்பது நல்லது என்றார்.

பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காசோலை போலி என்று திரும்பியது. இருப்பு பழையபடி மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு இறங்கி, காசோலை திரும்பியதற்கான கட்டணமாக இன்னும் கொஞ்சமும் குறைந்தது. “திருடன் வந்துபோன செலவையும் நாமதான் குடுக்கணுமா?” என்று அண்ணி கேட்டாள். முதல்முறையாக அவள் குரலில் ஏளனம் இல்லை.

நிம்மதி வரும் என்று ஸ்டோர் அக்கா எதிர்பார்த்தார். வந்தது வேறு. காலை ஒன்பது ஐந்தானால் கண் தானாகக் கைப்பேசிக்குப் போனது. பத்து நாட்களாக அந்த நேரத்துக்கு மேலாளரிடமிருந்து ஒரு வணக்கம் வந்துகொண்டிருந்தது. அனுப்பியவன் திருடன் என்று தெரிந்த பிறகும் அது வராதது உறுத்தியது. இதை அவர் நோட்டில் எழுதவில்லை.

வியாழக்கிழமை மருத்துவமனையில் பணம் கட்டினார்கள். ரசீதை அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார், பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க. “விடுங்க, முட்டியைத் திருப்பிப் பாத்துத்தான் வாங்குவா” என்று மேஸ்திரி சக்கர நாற்காலியிலிருந்து அவர்களைச் சமாதானப்படுத்தினார். அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி ஊன்றுகோலோடு ஏழடி நடந்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஸ்டோர் அக்கா காவல் நிலையத்துக்குப் போனார். விளம்பரம், உரையாடல், கடிதம், உறை, காசோலை, அழைப்புகள் எல்லாவற்றையும் நாளும் நேரமும் இட்டு, பதினோரு பக்கம், இணைப்புகளுக்கு எண் கொடுத்துத் தைத்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி முதலில் அசிரத்தையாகப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பணம் அனுப்பச் சொன்ன கணக்கு எண் அதில் இருந்தது. அதே எண் வேறொரு கோப்பில் வந்திருப்பதாகவும், அந்தப் புகாரைக் கொடுத்த பெண்மணியிடம் தேதிகூட இல்லை என்றும் சொன்னார். பிறகு புகார்ப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். வயது கேட்டார், விலாசம் கேட்டார். தொழில் என்ற இடத்தில் கேட்காமலே ‘இல்லத்தரசி’ என்று எழுதப் போனார்.

“அது இல்லைங்க சார்” என்றார் ஸ்டோர் அக்கா. “ஸ்டோர் கீப்பர்.”

“எங்க வேலை பாக்குறீங்க?”

“இடம் இன்னும் கிடைக்கலை. தொழில் அதுதான்.”